தேங்காய் கிரீம் பை: உணவகத்தில் நின்ற துண்டு வீட்டில் ஏன் நிற்கவில்லை?

நுரைப்பால் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஓர் உணவகத்தில் பல ஆண்டுகளாகச் சாப்பாட்டின் முடிவில் ஒரே இனிப்பைத்தான் நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு வந்தேன். அது தேங்காய் கிரீம் பை (pie), அதாவது மாவால் செய்த ஓட்டுக்குள் கஸ்டர்டை நிரப்பிய இனிப்பு. அண்மையில் உணவுப் பட்டியலைப் புதுப்பித்தபோது அதை எடுத்துவிட்டார்கள். செய்முறையைச் சொல்ல முடியுமா என்று பரிமாறுபவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் புன்னகையோடு சமையலறைக்குள் போனார். திரும்பி வந்து, பில்லைக் கொண்டுவரலாமா என்று கேட்டார். சரி, வீட்டிலேயே செய்து பார்த்துவிடுவோம் என்று இறங்கி, இதுவரை மூன்று முறை செய்து மூன்று முறையும் தோற்றிருக்கிறேன்.

முதலில் அந்தப் பை எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டிய துண்டு தட்டில் நேராக நிற்கும். முள்கரண்டியால் ஒரு வாய் எடுத்த பிறகும் மீதிச் சுவர் சரியாது. ஆனால் வாயில் வைத்தால் ஜெல்லியைப் போல வழுக்காமல், பசையைப் போல ஒட்டாமல், அப்படியே கரையும். தேங்காயின் மணம், அதுவும் வறுத்த தேங்காயின் மணம், முதல் வாயிலேயே தெரியும். ஆயினும் உள்ளே இருந்த கஸ்டர்டில் ஒரு துருவல்கூடப் பல்லில் படாது. அதன்மேல் அடித்த கிரீம், கிரீமின்மேல் பொன்னிறத் துருவல். அடியில் இருந்த ஓடு அடுக்கடுக்காக உரியாது. நல்ல வெண்ணெய் பிஸ்கட்டைப் போலப் பொடிந்து உடையும். கஸ்டர்டு பட்ட இடத்தில்கூட அது ஊறிப்போயிருந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் பட்டியலில் கோதுமை, பால், முட்டை, சோயா என்று குறித்திருந்தார்கள்; பாதாம், முந்திரி போன்றவை அதில் இல்லை என்பது நன்றாக நினைவிருக்கிறது, ஏனெனில் என்னோடு வரும் ஒருவருக்கு அவை ஆகாது.

இனி என் செய்முறை. 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடித் தட்டு. 600 மில்லி பால், 130 கிராம் சர்க்கரை, 40 கிராம் கார்ன்ஃப்ளார், ஐந்து முட்டைகளின் மஞ்சள் கரு, 30 கிராம் வெண்ணெய். முதல் முறை இவற்றோடு 100 கிராம் தேங்காய்த் துருவலைச் சேர்த்துக் கிளறி, முட்டை திரிந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருந்து, 80 டிகிரி வந்தவுடன் இறக்கினேன். அன்றிரவு கஸ்டர்டு கெட்டியாகவே இருந்தது. மறுநாள் காலையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தபோது, மீதியிருந்த கஸ்டர்டு மெல்ல நகர்ந்து வந்து அந்தக் குழியை நிரப்பிக்கொண்டது. இரண்டாம் முறை கார்ன்ஃப்ளாரை 60 கிராமாகக் கூட்டினேன். நாக்கில் பச்சை மாவின் சுவை தங்கியது, காலையில் அடியில் நீரும் விட்டிருந்தது. மூன்றாம் முறை பாலில் பாதிக்குப் பதிலாக டின்னில் அடைத்த தேங்காய்ப் பாலை ஊற்றினேன். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்ததோடு, மணமும் பச்சைத் தேங்காயின் மணமாகவே இருந்தது. மூன்று முறையும் ஓடு நனைந்த அட்டையைப் போலாகிவிட்டது. ஓரம் நிறம் மாறத் தொடங்கியதும், அதாவது சுமார் 15 நிமிடத்தில், ஓட்டை ஓவனிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

அவர்கள் ஏதோ ஒரு பொருளை மறைவாகச் சேர்க்கிறார்கள் என்பது என் சந்தேகம். அது கிரீம் சீஸா, ஜெலட்டினா, வேறு ஏதேனுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மாவுக்கரம் பதில்:

வணக்கம். உங்கள் அளவுகளில் குறை எதுவும் இல்லை. 600 மில்லிப் பாலுக்கு 40 கிராம் கார்ன்ஃப்ளாரே போதும். தவறு அந்த 80 டிகிரியில்தான் இருக்கிறது. மறைபொருளைத் தேடும் வேலையைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.

இரவில் கெட்டியாக இருந்த கஸ்டர்டு காலையில் நீர்த்துப்போனதற்குக் காரணம் மஞ்சள் கருவிலேயே இருக்கிறது. அதில் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி உண்டு. மாவுச்சத்தின் நீண்ட இழைகளைத் துண்டு துண்டாக அறுப்பது அதன் வேலை. கஸ்டர்டு கொதிக்காமல் இறக்கப்பட்டால் அந்த நொதி முழுவதும் அழிவதில்லை. நீங்கள் உறங்கும் நேரத்தில் அது குளிர்பதனப் பெட்டிக்குள் உட்கார்ந்து தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. அதனால்தான் 60 கிராம் போட்டும் பயன் இல்லை. அறுப்பவன் உள்ளே இருக்கும்போது கயிற்றின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் என்ன ஆகும்? பச்சை மாவுச் சுவைக்கும் இதே குறை வெப்பம்தான் காரணம். கார்ன்ஃப்ளாரின் துகள்கள் 62 முதல் 72 டிகிரி வரையில் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கினாலும், கெட்டித்தன்மை முழுமையாக வருவது 95 டிகிரியை ஒட்டித்தான். சர்க்கரை அதிகம் இருந்தால் இந்த உப்புதல் இன்னும் தாமதப்படும்.

முட்டை திரிந்துவிடும் என்ற அச்சம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்த அச்சத்தோடு பல ஆண்டுகள் கழித்தவன். மாவு சேர்க்காமல் பால், முட்டை, சர்க்கரை மட்டும் கொண்டு காய்ச்சும் கஸ்டர்டு ஏறக்குறைய 83 டிகிரியைத் தாண்டினால் திரிந்துவிடும். ஐஸ்கிரீமுக்குக் காய்ச்சுவது அந்த வகை. அதற்குரிய எச்சரிக்கையைப் பலர் எல்லாக் கஸ்டர்டுக்கும் பொதுவாக எழுதிவிடுகிறார்கள். மாவுச்சத்து சேர்ந்த கஸ்டர்டில், உப்பிய துகள்கள் முட்டையின் புரதங்களுக்கு இடையே நின்று அவை ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாவதைத் தடுக்கின்றன. எனவே அது கொதிக்கலாம் என்பது மட்டுமல்ல, கொதித்தே ஆக வேண்டும்.

செய்யும் முறை இதுதான். சர்க்கரையையும் கார்ன்ஃப்ளாரையும் உப்பையும் உலர்ந்த நிலையிலேயே கலந்துகொண்டு, அதில் மஞ்சள் கருவைச் சேர்த்துக் கட்டியில்லாமல் அடியுங்கள். ஆவி பறக்கும் பாலைச் சிறுகச் சிறுக அதில் ஊற்றிக் கலந்து, எல்லாவற்றையும் மீண்டும் பாத்திரத்துக்கு மாற்றி, மிதமான தீயில் அடியும் மூலையும் விடாமல் கிளறுங்கள். கெட்டியானதும் ஒரு நொடி கிளறுவதை நிறுத்திப் பாருங்கள்: நடுவில் பெரிய குமிழி ஒன்று மெதுவாக எழுந்து, சேற்றில் வெடிப்பதைப் போல 'பொளக்' என்று உடைய வேண்டும். அதன் பிறகு முழுதாக ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு இறக்கி, வெண்ணெயைச் சேர்த்து, கண்ணறை சிறிதாக உள்ள வடிகட்டியில் தேய்த்து வடிகட்டுங்கள். ஆறி இறுகிய பின் கரண்டியை உள்ளே விட வேண்டாம். குளிரும்போது மாவுச்சத்து பின்னிக்கொள்ளும் வலை, கலைத்தால் பழைய உறுதிக்குத் திரும்புவதில்லை.

உங்கள் செய்முறையில் உப்பையே காணவில்லை. இந்த அளவுக்கு அரைத் தேக்கரண்டி போடுங்கள்.

உப்புக்கல் பதில்:

கஸ்டர்டைப் பற்றி மாவுக்கரம் ஐயா சொன்னதில் நான் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. நான் ஓட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நுரைப்பால் அவர்கள் தம்மை அறியாமலேயே மிக முக்கியமான ஒரு துப்பைக் கொடுத்திருக்கிறார்: ஓடு அடுக்கடுக்காக உரியாமல் பிஸ்கட்டைப் போலப் பொடிந்தது என்கிறார்.

பை மாவைப் பிசைவதில் இரண்டு வழிகள் உண்டு. வெண்ணெயைப் பட்டாணி அளவுத் துண்டுகளாகவே விட்டுவிட்டால், அவை ஓவனில் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகி, மாவைத் தகடு தகடாகப் பிரிக்கும். பழம் வைத்து மூடும் பைகளின் மேல்மூடிக்கு இது அழகு. மாறாக, குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனிகளால் மாவோடு நன்றாகத் தேய்த்து, மொத்தமும் ஈரமணலைப் போல ஆகும்வரை கலந்தால், ஒவ்வொரு மாவுத் துகளின்மேலும் கொழுப்பு பூசப்பட்டுவிடுகிறது. அப்படிப் பூசப்பட்ட மாவில் பசைத்தன்மை குறைவாகவே உருவாகும், ஈரமும் எளிதில் புகாது. கஸ்டர்டு வகைப் பைகளின் அடி ஓட்டுக்குத் தொழில்முறைச் சமையல்காரர்கள் இந்த இரண்டாவது வழியையே விரும்புவார்கள். நீங்கள் சாப்பிட்டதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எடையில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு கொழுப்பு, ஒரு பங்கு நீர் என்பது பழைய கணக்கு. உங்கள் தட்டுக்கு 210 கிராம் மைதா, 140 கிராம் வெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயை முழுவதும் தேய்த்துவிடுவதால் நீர் கணக்குக்குச் சற்றுக் குறைவாக, 50 மில்லி அளவிலேயே, போதுமானதாக இருக்கும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். ஈரம் தெரியக் கூடாது. ஒரு மணி நேரம் குளிரவைத்து, சப்பாத்திக் கட்டையால் 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தட்டில் இழுத்துப் பரப்பாமல் தளர்வாக அமர்த்துங்கள். இழுத்துப் பொருத்திய மாவு ஓவனுக்குள் போனதும் பழைய இடத்துக்கே சுருங்கி வந்து பழி வாங்கும். மறுபடியும் அரை மணி நேரம் குளிரவையுங்கள்.

வேகவைப்பதில்தான் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். ஓரம் சிவந்ததைப் பார்த்து எடுத்துவிடுகிறீர்கள். அடியோ இன்னும் பச்சையாகவே இருக்கிறது. மாவின்மேல் பட்டர் பேப்பரை விரித்து, எடைக்காகக் காய்ந்த பயறை விளிம்புவரை நிரப்பி, 200 டிகிரியில், ஓவனின் கீழ்த்தட்டில் வைத்து 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு பயறை எடுத்துவிட்டு, ஓரத்தை அலுமினியத் தாளால் மூடி, 180 டிகிரியில் மேலும் 15 முதல் 20 நிமிடம், அடிப்பாகம் நல்ல பிஸ்கட் நிறத்துக்கு வரும்வரை விடுங்கள். வெளிர் மஞ்சள் போதாது. இந்தப் பை கஸ்டர்டோடு மறுபடியும் ஓவனுக்குள் போகாது. எனவே அடி வேகக் கிடைக்கும் வாய்ப்பு இது ஒன்றுதான். கண்ணாடித் தட்டு வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், அலுமினியத் தட்டு விரைவாகக் கடத்தும். எனினும் அடியின் நிறத்தைத் தூக்கிப் பார்க்கலாம் என்பதால் பழகும்வரை கண்ணாடியிலேயே செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஃப்ரீசரிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை நேராகச் சூடான ஓவனில் வைத்தால் அது வெடித்துவிடக்கூடும்.

வெண்ணெயில் பாதியைக் குறைத்து வனஸ்பதி சேர்த்தால் ஓடு இன்னும் உறுதியாக நிற்கும். வெண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி நீர். வனஸ்பதி முழுவதும் கொழுப்பு, அது உருகும் வெப்பநிலையும் உயர்ந்தது. எனக்கு அந்தக் கலவையே பிடிக்கும்.

மாவுக்கரம் பதில்:

கடைசிப் பத்தியில் மட்டும் உப்புக்கல் அவர்களோடு உடன்பட முடியவில்லை. கேட்பவர் 'நல்ல வெண்ணெய் பிஸ்கட்' என்று எழுதியிருக்கிறார். அந்த மணம் வெண்ணெயிலுள்ள பால் திடப்பொருள்கள் சிவப்பதால் வருவது. வனஸ்பதியைக் கலந்து அதைப் பாதியாக்குவானேன்? நன்றாக வேகவைத்தாலே ஓடு நிற்கும்.

இளஞ்சூடு பதில்:

நான் தேங்காய் மணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதோடு, இதுவரை யாரும் தொடாத சோயாவைப் பற்றியும்.

மணம் உண்டு, துருவல் இல்லை என்றால் ஒரே விடைதான்: துருவலைப் பாலில் ஊறவைத்து வடிகட்டி எடுத்துவிட்டார்கள். தேங்காய் மணத்துக்கு முதன்மைக் காரணமான லாக்டோன் எனப்படும் சேர்மங்கள் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரையும். ஆகவே கொழுப்பு நீக்காத பாலை எடுத்துக்கொண்டு, அதில் நூறு மில்லியைக் குறைத்து அந்த இடத்துக்குக் கிரீம் சேர்த்தால் இன்னும் நல்லது. இனிப்புச் சேர்க்காத உலர் தேங்காய்த் துருவல் 100 கிராமை ஓவனில் 160 டிகிரியில் பரப்பி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டு, எட்டு முதல் பத்து நிமிடத்தில் சீரான பொன்னிறம் வந்ததும் எடுங்கள். ஓரத்தில் இருப்பது முதலில் கருகும் என்பதால் ஓவனை விட்டு நகர வேண்டாம். கருகிய துருவலின் கசப்பு பால் முழுவதிலும் இறங்கிவிடும். சூடான பாலில் அதைக் கொட்டி மூடிவைத்து, ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய துணியில் ஒட்டப் பிழிந்து எடுங்கள். துருவல் கணிசமான பாலைக் குடித்துவிடும். ஆகையால் 750 மில்லியில் தொடங்கி, பிழிந்த பின் அளந்து 600 மில்லியாகச் சரிசெய்துகொள்ள வேண்டும். டின் தேங்காய்ப் பால் உங்களுக்குக் கைகொடுக்காததில் வியப்பில்லை: அது வறுக்காத தேங்காயிலிருந்து எடுத்தது, சூட்டில் அதன் கொழுப்பும் பிரிந்து மிதக்கும்.

இனி சோயா. மைதா, வெண்ணெய், பால், முட்டை, தேங்காய், சர்க்கரை ஆகியவற்றில் எதிலும் சோயா கிடையாது. கிரீம் சீஸிலும் ஜெலட்டினிலும்கூட அதற்கு இடமில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? உப்புக்கல் அவர்கள் சொல்லும் வனஸ்பதியில் சோயா எண்ணெய் இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. வெள்ளைச் சாக்லெட்டில் பொதுவாகச் சோயா லெசித்தின் சேர்க்கப்படும். ஓட்டின் உட்புறத்தில் உருக்கிய வெள்ளைச் சாக்லெட்டை மெல்லியதாகப் பூசி இறுகவிட்டால், கஸ்டர்டின் ஈரம் ஓட்டுக்குள் இறங்காது. பைகளை முன்கூட்டியே செய்து அடுக்கிவைக்கும் சமையலறைகளில் இது நெடுநாள் வழக்கம். உங்களிடம் அந்தப் பையின் படம் ஏதேனும் இருந்தால், ஓட்டுக்கும் கஸ்டர்டுக்கும் இடையே பெரிதாக்கிப் பாருங்கள்.

நுரைப்பால் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. இளஞ்சூடு அவர்கள் சொன்னதும் பழைய படங்களைத் தோண்டினேன். பிறந்தநாள் ஒன்றில் எடுத்த படத்தின் மூலையில், யாரோ பாதி தின்று வைத்த ஒரு துண்டு இருக்கிறது. பெரிதாக்கினால், பழுப்பு ஓட்டுக்கும் வெளிர் மஞ்சள் கஸ்டர்டுக்கும் நடுவே, பென்சிலால் போட்டதைப் போல மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடுகிறது. அத்தனை ஆண்டுகள் அதைத் தின்றிருக்கிறேன், ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை!

நேற்று நான்காம் முறையாகச் செய்தேன். ஓடு முதன்முறையாகச் சரியாக வந்தது. அடியைத் தட்டினால் சத்தம் கேட்டது. பாலின் மணமும் அதேதான். பிழிந்துகொண்டிருக்கும்போதே அந்த உணவகத்தின் மேசையில் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. கஸ்டர்டை நீங்கள் சொன்னபடி 'பொளக்' என்று உடையும்வரை காய்ச்சி, கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டேன். திரியவில்லை. ஆனால் காலையில் பார்த்தால், முன்பு போல ஓடவில்லை என்றாலும், துண்டின் முனை மெதுவாகக் கீழே குனிகிறது. இனிப்பும் உப்பும் சரியாக இருக்கிறதா என்று ஆறும்போது ஐந்தாறு முறை கரண்டியால் எடுத்துச் சுவைத்துச் சுவைத்துக் கலந்ததைத் தவிர வேறெதுவும் நான் மாற்றிச் செய்யவில்லை. இப்போது என்ன தவறு?

உப்புக்கல் பதில்:

சுவைத்த அதே கரண்டியையா மீண்டும் உள்ளே விட்டீர்கள்?

அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. மஞ்சள் கருவில் இருக்கும் அந்த நொதி நம் எச்சிலிலும் இருக்கிறது. அடுப்பில் கொதிக்கவைத்து ஒன்றை அழித்துவிட்டு, இதமான சூட்டுக்கு ஆறிய பின் இன்னொன்றைக் கரண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள். உடல் சூட்டில் அது மிக நன்றாக வேலை செய்யும். நம்பிக்கை இல்லாவிட்டால் இரண்டு கிண்ணங்களில் ஆறிய கஸ்டர்டை எடுத்து, ஒன்றில் மட்டும் வாய் வைத்த கரண்டியால் கலக்கி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். சுவைப்பதற்கென்று நாலைந்து சுத்தமான கரண்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தத் தவற்றைச் செய்யாதவர்கள் யாரும் இல்லை. நான் ஒரு முறை வீட்டில் எல்லோரிடமும் அதே கரண்டியைக் கொடுத்துச் சுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இளஞ்சூடு பதில்:

வெண்கோட்டைக் கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள். 50 கிராம் வெள்ளைச் சாக்லெட் போதும். ஓடு முழுவதும் ஆறிய பிறகு தூரிகையால் பூசி, குளிரவைத்து இறுக்குங்கள். அதிலுள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்பதால், கஸ்டர்டைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பூசிய உழைப்பு வீண். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து மெதுவாகக் கிளறி, கைக்குச் சூடு தெரியாத நிலை வந்தவுடன், இறுகத் தொடங்கும் முன்பே ஊற்றிவிடுங்கள். பிறகு அதன் மேற்பரப்போடு ஒட்டினாற்போல மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடிக் குறைந்தது ஆறு மணி நேரம் குளிரவையுங்கள். சாக்லெட்டின் இனிப்பு சேர்வதால் சர்க்கரையில் 15 கிராமைக் குறைத்துக்கொள்ளலாம்.

மேலே போடும் கிரீமைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அங்குதான் வந்து நிற்பீர்கள். கொழுப்பு 35 விழுக்காட்டுக்குக் குறையாத கிரீம் 300 மில்லி. கிண்ணமும் கிரீமும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். மறுநாளும் நிற்க வேண்டுமானால், 3 கிராம் ஜெலட்டினை ஒரு மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்து இளக்கி, வெதுவெதுப்பாக ஆறியதும், கிரீம் பாதி அடிபட்ட நிலையில் நூல்போல ஊற்றி அடியுங்கள். ஜெலட்டின் உண்ணாதவர்கள் இரண்டு மேசைக்கரண்டி பால் பொடியைச் சேர்த்து அடிக்கலாம். அவ்வளவு உறுதி வராவிட்டாலும் நீர் விடுவது குறையும்.

நுரைப்பால் எழுதுகிறார்:

ஐந்தாம் முறை. ஒன்பது கரண்டிகளைக் கழுவினேன், ஆனால் பை நின்றது. முதல் துண்டு எடுக்கும்போது உடைந்தது. கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டிய அடுத்த துண்டுகள் எல்லாம் கத்தியின் தடம் தெரியும்படி நேராக வந்தன. மறுநாள் காலையில் மிச்சமிருந்த துண்டின் சுவர் இரவில் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. ஓட்டில் ஈரம் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஏறத்தாழ அதேதான். ஆனால் என்னோடு அந்த உணவகத்துக்கு வந்துகொண்டிருந்த என் தங்கை ஒரு வாய் தின்றுவிட்டு, "உள்ளே எல்லாம் சரி, மேலேதான் ஏதோ குறைகிறது, அங்கே துருவல் பல்லில் ஒட்டும்" என்கிறாள். எனக்கும் அது உண்மை என்றே படுகிறது. என் துருவல் மொறுமொறுவென்று உதிர்கிறது. இன்னொரு சிறிய வேறுபாடும் உண்டு. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே தின்றபோது சுவை மங்கலாக இருந்தது. கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தின்ற இரண்டாவது துண்டுதான் நன்றாக இருந்தது.

மாவுக்கரம் பதில்:

இரண்டாவதற்கு விடை எளிது. கடும் குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், மணமும் எழும்பாது. பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பே வெளியே எடுத்துவையுங்கள்; பாலும் முட்டையும் சேர்ந்தது என்பதால் மொத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம்.

உங்கள் தங்கை கெட்டிக்காரர். பாலில் ஊறவைக்க நீங்கள் வாங்கிய அதே இனிப்பில்லாத உலர் துருவலைத்தான் மேலேயும் தூவியிருப்பீர்கள். பல்லில் ஒட்டியது என்றால் அது வேறு சரக்கு: சர்க்கரை சேர்த்து, ஈரம் முழுவதும் போகாமல் பதப்படுத்திய நீளத் துருவல். அது பொட்டலமாகவே கிடைக்கும். அதை வறுக்கும்போது 150 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். சர்க்கரை இருப்பதால் மிக விரைவில் சிவக்கும். நுனிகள் பழுப்பாகவும் தண்டு வெண்மையாகவும் இருக்கும்போதே எடுத்துவிட்டால், நுனி மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி ஒட்டும் மென்மையோடும் இருக்கும். பரிமாறும் நேரத்தில் மட்டுமே தூவுங்கள்.

நுரைப்பால் எழுதுகிறார்:

அந்தப் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனி பழுப்பு, நடுவே வெள்ளை. பொட்டலம் வாங்கிவரத் தங்கையே கிளம்பிவிட்டாள்.